நான் வந்து உட்காராத உன் வகுப்பு

இன்றைக்குச் சனிக்கிழமை. வட்டார வள மையத்தில் பயிற்சி. வழக்கம்போல முதல் ஒரு மணி நேரம் புரொஜெக்டர் ஓடவில்லை. ஓடத் தொடங்கியதும் சுவரில் ஜப்பான் வந்து நின்றது. ஒரு வகுப்பறை. முன்னால் ஒரு டீச்சர் கணக்கு நடத்துகிறாள். பின்னாலும் பக்கவாட்டிலும் ஏழெட்டு ஆசிரியர்கள், கையில் அட்டையும் பேப்பருமாக நிற்கிறார்கள். ஒருவர்கூட அந்த டீச்சரைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பிள்ளையின் பக்கத்தில் குனிந்து, அது நோட்டில் என்ன செய்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

நீ கையை ஆட்டி ஆட்டி எனக்கு விவரித்ததெல்லாம் அப்படியே அந்தச் சுவரில் ஓடுகிறது. பயிற்சி கொடுக்க வந்த தம்பி, "இது மாதிரி நம்ம பக்கத்துல யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். என் கை பாதி எழும்பியது. எழும்பின கையை அப்படியே முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிவிட்டேன். ஆமாம் என்று சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். என் வகுப்பில் நீ வந்து உட்கார்ந்தாய். உன் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லி நீ எத்தனையோ தடவை கேட்டும் நான் ஒரு நாள்கூட வரவில்லை. அது இரண்டு மாதமாக நெஞ்சை அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு வந்து காபிகூடப் போடாமல் இதை எழுதுகிறேன். படிக்க நீ இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் வேறு யாரிடம் சொல்ல?

பதினோரு வருசம் உன் ஸ்கூட்டியின் பின்சீட்டு என்னுடையது. காலையில் எட்டேகாலுக்கு ரத வீதி முக்கில் நான் நிற்பேன். நீ ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பேச ஆரம்பித்துவிடுவாய். பாதி காதில் விழாது. கரிவலம்வந்தநல்லூர் சாலையில் பள்ளிக்கூடம் வரும்வரை நான் "ம்" போட்டுக்கொண்டே வருவேன். உனக்கு நாலாம் வகுப்பு, எனக்கு ஐந்தாம் வகுப்பு. உன் கையில் ஒரு வருசம் இருந்துவிட்டுத்தான் பிள்ளைகள் என் கைக்கு வரும். இப்போது நான் பஸ்ஸில் போகிறேன். உட்கார இடம் கிடைக்கிறது. பேச்சுத்தான் இல்லை.

வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பார்த்து வர ஆசிரியர்களை அனுப்புகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது நாம் இரண்டு பேரும்தான் விண்ணப்பித்தோம். பாடம் நடத்துகிற வீடியோ ஒன்று அனுப்ப வேண்டும். நான் என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற எட்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, மற்றவர்களை வெளியே விளையாட விட்டுவிட்டு எடுத்தேன். உன்னுடையதை எடுத்தது நான்தான், என் போனில். உன் வீடியோவில் வகுப்பு முழுக்க இருந்தது. நடுவில் ஒருத்தன் தும்மினான், இரண்டு பேர் ரப்பருக்குச் சண்டை போட்டார்கள்.

"ஏட்டி, இதை வெட்டிட்டு அனுப்பு" என்றேன்.

"கெடக்கட்டும். கிளாஸுன்னா இப்படித்தான இருக்கும்" என்றாய்.

உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கேசரி கிண்டிக்கொண்டு வந்து ஊட்டினேன், ஊருக்கெல்லாம் சொன்னேன். ஆனால் வயிறு எரிந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ ஜப்பானில் இருந்த பத்து நாளும் உன் வாட்ஸப் ஸ்டேட்டஸை ஒன்றுவிடாமல் பார்த்தேன், ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

திரும்பி வந்த அன்றைக்கு ஒரு டப்பா இனிப்பு கொண்டுவந்தாய். உள்ளே கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி ஏதோ இருந்தது. எல்லாரும் ரயிலைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டார்கள். நீ ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய். "அங்கன ஒரு டீச்சர் பாடம் நடத்துனா மத்த டீச்சரெல்லாம் வந்து நிக்காங்க. குத்தம் கண்டுபிடிக்க இல்ல. ஆளுக்கொரு பிள்ளையைப் பாக்காங்க. சாயங்காலம் உக்காந்து, உன் பாடத்துல இந்தப் பிள்ளை இந்த இடத்துல நின்னுட்டுன்னு சொல்லுதாங்க. அந்த டீச்சர் கும்பிட்டு வாங்கிக்கிடுதா."

தலைமையாசிரியர் சார், "நல்ல விஷயம் டீச்சர். ரெண்டு போட்டோ எடுத்து குரூப்ல போட்டுருங்க" என்று முடித்துக்கொண்டார். நீ முடிக்கவில்லை. அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் கேட்டாய்: "நான் உன் கிளாஸுக்கு வாரேன், நீ என் கிளாஸுக்கு வா. என்ன சொல்லுத?"

"பத்து நாள் போயிட்டு வந்தா அதிகாரி ஆயிருவியா நீ?" என்றேன். வாயில் வந்துவிட்டது. பின்வாங்க மனசு வரவில்லை.

ஐந்து நாள் நாம் பேசவில்லை. பேசாமலே அதே ஸ்கூட்டியில் போனோம், வந்தோம். வேகத்தடை வந்தால் மட்டும் நீ இருமுவாய், நான் சீட்டைப் பிடித்துக்கொள்வேன். ஆறாம் நாள் எனக்கே சிரிப்பு வந்து, "சரிதான், வெள்ளிக்கிழமை வந்து தொலை" என்றேன்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பின்னால் ஒருத்தர் நோட்டோடு வந்து உட்காருகிறார் என்றால் நமக்கு அது இன்ஸ்பெக்ஷன்தானே? சார்ட்டைத் தூசி தட்டி மாட்டினேன். வகுத்தல் பாடத்தை வியாழக்கிழமையே ஒரு தடவை நடத்தி, யார் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். கடைசியாக மாரிச்செல்வியைக் கூப்பிட்டேன். அந்த வருசம் என் வகுப்பில் வகுத்தல் கொஞ்சமும் ஏறாத பிள்ளை அவள்தான். "நாளைக்கு வரவேண்டாம் மக்கா. வயித்து வலின்னு லீவு எடுத்துக்கோ" என்றேன். இன்ஸ்பெக்ஷன் என்றால் பாடம் தெரியாத பிள்ளைக்கு லீவு. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் வருசத்திலேயே நாமாகக் கற்றுக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை உன் வகுப்பை சாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பாடம் வெண்ணெய் மாதிரிப் போயிற்று. கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில். மணி அடித்ததும் எழுந்து வந்தாய். உன் நோட்டில் மேலே மாரிச்செல்வி என்று எழுதி, கீழே பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

"அவ எங்க?"

"வயித்து வலியாம்."

"அவளுக்காகத்தான் வந்தேன்" என்றாய். "போன வருசம் பூரா என்கிட்ட இருந்தா. எங்கன நிக்கான்னு எனக்குப் பிடிபடவே இல்ல. உன் பாடத்துலயாவது பாக்கலாம்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை சத்துணவு வரிசையில் அவளைப் பிடித்து, வயிற்று வலி சரியாகிவிட்டதா என்று நீ கேட்டாய். நான் உனக்கு இரண்டடி பின்னால் தட்டோடு நிற்கிறேன். அந்தப் பிள்ளை கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னது: "எனக்கு வலிக்கல டீச்சர். எங்க டீச்சர்தான் வலிக்கின்னாங்க. நான் அம்மாகூட பிச்சிப்பூ பறிக்கப் போனேன்."

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் ஏறவே எனக்குக் கால் வரவில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்தேன். பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாய்.

"போன வருசம் இன்ஸ்பெக்ஷனுக்கு நான் யாருக்கு லீவு குடுத்தேன்னு நெனைக்க? அவளுக்குத்தான். ரெண்டு வருசமா ரெண்டு பேருஞ் சேந்து அந்தப் பிள்ளைக்கு வயித்து வலி குடுத்திருக்கோம்ட்டி."

சிரித்தாய். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாய். நானும் அழுதுவிட்டேன். அந்த வழியாக பைக்கில் போன ஒருவர், வண்டி ரிப்பேரா என்று நிறுத்தி விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நானே கூப்பிட்டேன். தயாரிப்பு ஒன்றும் இல்லை, சார்ட் இல்லை, வருகிறாயா என்றேன். நீ மாரிச்செல்வியின் பக்கத்தில் போய், அவள் பென்சில் சீவுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். அன்று பாடம் தாறுமாறாகப் போனது. நடுவில் நானே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். முடிந்ததும் நீ நோட்டைப் பார்த்துச் சொன்னது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"அவளுக்கு வகுத்தல் தெரியும்ட்டி. பூக் கட்டுத மாதிரி நாலு நாலா புள்ளி வச்சு எண்ணுதா. மெதுவா, ஆனா சரியா எண்ணுதா. நீ மூணு தடவை போர்டை அழிச்ச. மூணு தடவையும் அவ பாதியிலதான் இருந்தா. நீ அழிச்சதும் அவளும் ரப்பரை எடுத்து அழிச்சிருதா."

இருபது வருசமாக வலது கையில் சாக்பீஸும் இடது கையில் டஸ்டருமாகத்தான் நான் பாடம் நடத்தியிருக்கிறேன். போர்டு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தச் சுத்தத்தில் எத்தனை பிள்ளைகளின் பாதிக் கணக்கு போயிருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை. அதற்குப் பிறகு டஸ்டரை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டேன். மாரிச்செல்வி பொங்கலுக்குள் மூன்றிலக்க எண்ணை வகுத்தாள். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் தூரத்திலிருந்தே கை காட்டுகிறாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். நீ கேட்டாய்: "என் கிளாஸுக்கு நீ எப்ப வார? எனக்கும் ஒரு கண்ணு வேணும். ஒரு பிள்ளை இருக்கு. நான் என்ன பண்ணுனாலும் அது எனக்குத் தட்டுப்படவே மாட்டேங்கு."

"யாருட்டி? பேரைச் சொல்லு."

"பேரைச் சொன்னா நீ அதை மட்டும் பாத்துட்டுப் போயிருவ. வந்து உக்காரு. உனக்கு யாருன்னு படுதோ, சொல்லு. ரெண்டும் ஒண்ணான்னு பாப்போம்."

அடுத்த வாரம் என்றேன். அரையாண்டுத் தேர்வு வந்தது. பிறகு பொங்கல். பிறகு வாக்காளர் பட்டியல் வேலை, ஆண்டு விழா. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் அவை இல்லாவிட்டாலும் நான் வந்திருக்க மாட்டேன். நீ என்னைவிட நல்ல டீச்சர் என்று உள்ளுக்குள் தெரியும். அதைக் கண்ணால் பார்க்கப் பயம். உன் தவறைப் பார்க்கக் கூப்பிட்டாய் நீ. உன் திறமையைப் பார்த்துவிடுவேனோ என்று ஒதுங்கினேன் நான்.

ஏப்ரல் கடைசியில், முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், மறுபடியும் கேட்டாய். "இந்த வாரமாவது வாட்டி. ஜூன்ல அந்தப் பிள்ளை உன்கிட்ட வந்துரும். அப்ப நீ தனியாக் கெடந்து திண்டாடுவ."

"ஜூன்ல பாத்துக்கிடுவோம். நீதான் பக்கத்து ரூம்ல இருக்கியே" என்றேன்.

மே மாதம் உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். சாதாரணக் காய்ச்சல்தான் என்று நினைத்தோம். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் உன் வீட்டுக்காரர் போனில் என் பெயரைச் சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் நின்றார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பாடினார்கள். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. உன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஜூனில் உன் நாலாம் வகுப்பு என் ஐந்தாம் வகுப்பாக வந்து உட்கார்ந்தது. இருபத்தேழு பிள்ளைகள். அதில் ஒன்று நீ சொன்ன பிள்ளை. உன் மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்தேன், உன் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். எங்கேயும் குறிப்பு இல்லை.

முதலில் முனீஸ்வரன் என்று நினைத்தேன். கேள்வி கேட்டால் குனிந்து சட்டைப் பொத்தானைத் திருகுவான். சாயங்காலம் பிள்ளைகளை இருக்கவைத்து வாசிக்கச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மனசுக்குள் வாசித்துப் பக்கத்தைத் திருப்புவதில் அவன்தான் முந்தி. பிறகு ஜெபசீலி என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் கை தூக்குவாள், பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாள் என்று இப்போதுதான் கண்டேன். அவளாக இருக்குமோ? ஆடித்தபசு விடுமுறை முடிந்து வந்ததும் இன்னொருத்தி மேல் சந்தேகம் வந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உட்கார்ந்து பார்க்கிறேன், ஒவ்வொன்றிடமும் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் உனக்குத் தட்டுப்படாதது எது என்று தெரியவில்லை. நான் கண்டுபிடித்ததைச் சொன்னால், அதுதான் என்றோ அது இல்லை என்றோ சொல்ல நீ பக்கத்து ரூமில் இல்லை. அங்கே புதிதாக வந்த தம்பி ஒருவர் நடத்துகிறார். உன் குரல் கேட்டு வந்த சுவர் வழியாக அவர் குரல் கேட்கும்போது, எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

ஒரே ஒரு பீரியட் வந்து உட்கார்ந்திருந்தால் போதும். யாருட்டி அது?

நாளை கழித்துத் திங்கட்கிழமை. வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். முன்பெல்லாம் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கூப்பிட்டு முடித்துவிடுவேன். இப்போது ஒவ்வொரு "உள்ளேன் டீச்சர்" கேட்கும்போதும் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளை நீதானா என்று.