எம்.ஏ. வகுப்பைத் திரும்பக் கேட்டேன்

சென்னை
12.8.1974

அன்புள்ள அப்பாவுக்கு,

வேம்பு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் தேவலையா? சம்பா நாற்று விட்டாயிற்றா?

இங்கே கல்லூரியில் சின்ன விஷயம் ஒன்று நடந்தது. எம்.ஏ. வகுப்பில் விவசாயக் கூலி பற்றிப் பாடம் நடத்தும்போது, கீழ்வேளூரில் கூலி உயர்வு கேட்டு என் அப்பாவும் சிறைக்குப் போனவர் என்று சொன்னேன். மறுநாளே துறைத் தலைவர் அந்த வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

"பேசினது தப்புன்னு எழுதிக் குடுங்க. உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல" என்றார்.

நான்கு நாட்களாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வகுப்பு இல்லாமல் கை கால் ஓடவில்லை. மாணவர்களும் புது ஆசிரியரின் பாடத்துக்குப் போகவில்லை. இன்று காலை துறைத் தலைவர் அறைக்கே போய், "எங்கப்பாவைப் பத்திச் சொன்னது தப்புன்னு எழுத மாட்டேன் சார். என் வகுப்பைக் குடுங்க" என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே, "நாளைக்கு வகுப்புக்குப் போங்க" என்றார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். பதில் உடனே போடுங்கள்.

தங்கச்சி அம்சம், அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இதை மட்டும் விட்டுவிடு. ஆசிரியர் அறையில் இப்போது யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

எதிரே தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார்; இத்துடன் முடிக்கிறேன்.

வேம்பு