ஒயில் கூடிய மிசின்

1998 ஜூன் 9, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று. கொட்டில் கூரைக் கிடுகு ஒரு பக்கம் தூக்கி அடிக்கிறது. கட்ட வேண்டும். கயிறு இல்லை.

இன்றைய வேலை:
– சின்னராசாவின் தண்ணி மிசின். வோஷர் வெட்ட வேண்டும் (பழைய கலண்டர் மட்டை போதும்)
– பரியாரியாரின் சைக்கிள், பின் சில்லு
– அந்தோனி அண்ணையின் தண்ணி மிசின். நீலப் புகை.

மூன்றாவதுதான் பெரிய வேலை. அந்தோனி அண்ணை முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்தவர். இடம்பெயர்ந்து வந்து இங்கே உடையார்கட்டில் குத்தகைக்கு ஒரு துண்டுக் காணி, ஆயிரத்து ஐந்நூறு மிளகாய்க் கன்று. மனைவி ரீத்தா அக்காவின் சங்கிலி போய்த்தான் இந்த மிசின் வந்தது. கன்றுகள் இப்போது பூவும் பிஞ்சும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் இறைக்காவிட்டால் பூ முழுக்கக் கொட்டிவிடும்.

கழற்றினேன். வால்வில் கரி, புளக்கில் கரி, எங்கும் கரி. காரணம் உடனே பிடிபட்டது. மனுசன் மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஓட்டுகிறார்! வள்ளத்து மோட்டருக்கு அப்படித்தான் கலப்பது. அதற்கு ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. தண்ணி மிசினுக்கு அடியில் ஒயில் தனியாக நிற்கிறது. மேலேயும் கலந்தால் புகைதான்.

மத்தியானம் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசை. அவரைக் கண்டதும் என் வாய் நிற்கவில்லை.

"என்ன அண்ணை, மிசினையும் வள்ளமெண்டு நினைச்சியளோ? ஒயில் கலந்து ஓட்டினால் புகைக்காமல் சாம்பிராணியே மணக்கும்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சரி பிள்ளை, இனிக் கலக்கேல்லை" என்றார். எனக்கு ஏதோ பெரிய வெற்றி மாதிரி.

பின்னேரம் கரி சுரண்டி, வால்வு தேய்த்து, பூட்டியாயிற்று. கடைசியாக ஒயில் அளக்கிற குச்சியை இழுத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மேலே நிற்கிறது. கறுப்புத்தான், ஆனால் நிறைய. நல்லது. அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஒரேயொரு போத்தல் புது ஒயிலைத் திறக்கத் தேவையில்லை. அது முடிந்தால் இனி எங்கே போவது?

ஜூன் 10, புதன்

காற்று. கிடுகு கட்டியாயிற்று, அம்மாவின் பழைய சேலைக் கரையால்.

மிசினைத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் பூட்டினேன். கிளப்புவதற்குப் பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. வழக்கம்போலப் புளக்கை அடுப்பில் சுட்டு, சூட்டோடு பூட்டி, மண்ணெண்ணெயிலேயே இழுப்பு. மூன்றாவது இழுப்பில் பிடித்தது. புகையே இல்லை! கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து நிறுத்தினேன். ரீத்தா அக்கா சிலுவை அடையாளம் போட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கட்டித் தந்தார்.

வீட்டில் அம்மா: "பொம்பிளை பாக்க வந்தவைக்குக் கிறீஸ் கையோடை தேத்தண்ணி குடுத்தவள், மிசினெண்டால் மட்டும் கையைக் கழுவிப்போட்டெல்லோ தொடுறாள்."

முப்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் கோபம் வராது. கிளிநொச்சியில் அப்பாவின் பட்டறை. அப்பா போன பிறகு என்னுடையது. இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அன்று மற்றவர்கள் சட்டி பானை கட்டினார்கள், நான் ஸ்பனர் பெட்டியைக் கட்டினேன். இரண்டு வருடமாக அந்தப் பெட்டிதான் சோறு போடுகிறது. இன்று மூன்று பேர் 'பொம்பிளை மெக்கானிக்' வீட்டுக்கு வழி கேட்டார்களாம்.

நல்ல நித்திரை வரும்.

ஜூன் 11, வியாழன்

பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது படலை வாசலில் அந்தோனி அண்ணை. மூச்சு வாங்குகிறது.

"பிள்ளை, மிசின் இறுகிப்போச்சு."

விடியற்காலையில் இறைக்கத் தொடங்கினாராம், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். கீச்சென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. போய்க் கிளப்புகிற கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கயிறு அசையவில்லை. கால்வாசித் தோட்டம்கூட நனையவில்லை.

கிணற்றடியில் அதற்குள் நாலு பேர். பக்கத்துத் தோட்டத்துச் சின்னராசா: "வலை இழுத்த கைக்கு உது சரிவராது அண்ணை. என்ன செய்தனீங்கள்?"

அந்தோனி அண்ணை கையைப் பிசைந்துகொண்டு, "நான்தான் ஏதோ பிழை விட்டிட்டன் போலை" என்றார். அவர்தான் ஏதோ செய்திருப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். உள்ளதை எழுதுகிறேன்.

சைக்கிள் கரியரில் கட்டி உருட்டி வந்து திறந்தேன். அடி நட்டைக் கழற்றினால் வந்தது ஒயில் இல்லை. தண்ணீர் மாதிரி ஒன்று. மணந்தேன். மண்ணெண்ணெய். ஒரு கடதாசித் துண்டில் தோய்த்து நெருப்புக்குச்சி காட்டினேன். பக்கென்று பற்றியது. நல்ல ஒயில் இப்படிப் பற்றாது.

கோதாரி!

குளிர்ந்து கிடக்கிற மிசினை மண்ணெண்ணெயிலேயே கிளப்புகிறோம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிந்து அடியில் ஒயிலோடு சேர்கிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அதுதான் கோட்டுக்கு மேலே நின்றது! ஒயில் குறைந்தால் பயப்பட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒயில் கூடிய மிசினைப் பார்த்துச் சந்தோசப்பட்ட விசரி நான் ஒருத்திதான்.

இன்னும் இருக்கிறது. அவர் கலந்த ஒயிலும் மண்ணெண்ணெயோடு சேர்ந்து கீழே கசிந்துதான் இவ்வளவு நாளும் மிசினைக் காப்பாற்றியிருக்கிறது. தெரியாமல் செய்தாலும் அது உதவி. அதை நிறுத்தச் சொன்னது நான். வரிசையில் வைத்து, சிரிக்கச் சிரிக்க.

பிஸ்டனைத் தாங்குகிற கொன்ரொட்டின் கீழ் வாய் உரஞ்சிப் போய்விட்டது. அதன் அலுமினியம் சுற்றுகிற கிராங்கில் அப்பி ஒட்டிக் கிடக்கிறது.

பின்னேரம் ரீத்தா அக்கா வந்தார். "என்ன பிழையாம் தங்கச்சி? இவர் என்ன செய்திட்டாராம்?"

"பாக்கிறன் அக்கா" என்றேன்.

பாக்கிறனாம்! பார்த்து முடித்துக் கையும் கழுவியாயிற்று. வெட்கம் கெட்டவள்.

ஜூன் 12, வெள்ளி

புதுக்குடியிருப்புக்குச் சைக்கிளில். பழைய இரும்புக்கடை இரண்டும் ஏறி இறங்கினேன். கொன்ரொட் இல்லை. கடைக்காரன் கொக்கட்டம் விட்டுச் சிரிக்கிறான்: "வவுனியாவாலை உதெல்லாம் ஆமிக்காரர் விடுவாங்களோ அக்கா? விட்டால் எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ." திரும்பும் வழியில் குண்டு போடுகிற கிபிர் விமானத்தின் இரைச்சல். சைக்கிளோடு பற்றைக்குள் விழுந்தேன். அது எங்கேயோ போய்விட்டது. முழங்கையில் உரசல்.

ஆகப் பழையதையே திருத்த வேண்டும். கொன்ரொட் வாயின் மூடியை விளிம்பில் அராவிச் சிறிதாக்கி, பிறகு உள்பக்கத்தைச் சுரண்டி வட்டத்துக்குக் கொண்டுவருவது. அப்பா செய்ததைப் பார்த்திருக்கிறேன். கை வைத்ததில்லை.

காலையும் சாப்பிடவில்லை, மத்தியானமும் இல்லை. அவசரம். அளவுக்கு மேல் அராவிவிட்டேன். பூட்டினால் கிராங் அசையவே மாட்டேன் என்கிறது. இனி உள்ளே அவ்வளவுக்குச் சுரண்ட வேண்டும். ஒரு நாள் வேலை இரண்டு நாளாயிற்று. அரத்தைத் தூக்கி எறிந்தேன். அம்மா எடுத்து வந்து வைத்தார்.

பின்னேரம் வாளியோடு அவர்களின் தோட்டத்துக்குப் போனேன். அந்தோனி அண்ணை கிணற்றில் அள்ள, ரீத்தா அக்காவும் நானும் ஊற்ற. கன்றுக்கு ஒரு சிரட்டை. இருட்டுப்பட முந்நூறு கன்று வரையில்தான் முடிந்தது. கையில் கொப்பளம். மிச்சம் எல்லாம் தலை தொங்கி நிற்கிறது. வரப்பெல்லாம் வெள்ளைப் பூ கொட்டிக் கிடக்கிறது.

"பிள்ளை, உமக்கேன் இந்தக் கரைச்சல்? நான் விட்ட பிழைக்கு நீர் பாடுபடுறீர்" என்கிறார் அவர். கொப்பளத்தைவிட அது நொந்தது.

ஜூன் 13, சனி

அந்தோனியார் திருநாள். அந்தோனி அண்ணையின் பெயர்த் திருநாளும்.

கொட்டில் கோயிலில் பூசை முடிந்து புளியமரத்தடியில் சாப்பாடு. நான் சைவம்தான், ஆனாலும் ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. ரீத்தா அக்கா என் தட்டில் கேட்காமலே இரண்டாம் தரம் போட்டார். "பிள்ளை எங்களுக்காகத்தானே முறியுது, வடிவாய்ச் சாப்பிடட்டும்."

சின்னராசாவும் பந்தியில். "அண்ணை, திரும்பக் கடலுக்குப் போற நாள் வரைக்கும் மிசினைத் தொட்டுப்போடாதேங்கோ!" எல்லாரும் சிரிப்பு. அந்தோனி அண்ணையும் சேர்ந்து சிரித்தார். தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

பொறுக்க முடியவில்லை. தட்டோடு எழும்பிவிட்டேன்.

"மிசினை இறுக வைச்சது நான். அண்ணையில்லை. ஒயிலுக்குள்ளை மண்ணெண்ணெய் இறங்கிக் கிடந்தது. குச்சியைப் பாத்தனான், மணந்து பாக்கேல்லை. மாத்த ஒயிலும் என்னட்டை இருந்தது, மிச்சம் பிடிக்கப் பாத்தனான். அண்ணை கலந்த ஒயிலாலைதான் அது இவ்வளவு நாளும் ஓடினது. அதையும் நான்தான் நிப்பாட்டினனான். முந்தநாளே எனக்குத் தெரியும்."

அவசரத்தில் சொன்னது பாதியாவது விளங்கியதோ தெரியவில்லை. அந்தோனி அண்ணை கையைக் கழுவிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து போனார்.

"இருந்து சாப்பிட்டு முடி" என்றார் ரீத்தா அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். முடித்தேன்.

அம்மா: "உதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லோணுமோ? தனியக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாந்தானே."

நக்கலடித்தது எல்லாருக்கும் முன்னால்தானே அம்மா.

ஜூன் 14, ஞாயிறு

வெய்யில். வேலையென்று ஒருவரும் வரவில்லை. வந்தது சின்னராசா, தன் மிசினைத் திருப்பிக் கொண்டுபோக. வோஷர் வெட்டி முடிந்திருந்தது, பூட்டக்கூட விடவில்லை. "நானே பூட்டுறன் அக்கா." சரி. இத்தோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

சுரண்டல். விளக்குக் கரியைக் கிராங்கில் மெல்லிசாகப் பூச வேண்டும். கொன்ரொட்டைப் பூட்டி ஒரு சுற்று. கழற்றினால் எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே மேடு. அதை மட்டும் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். காலையில் இருந்து முப்பது தரமாவது இருக்கும். மூக்கெல்லாம் கரி.

மத்தியானம் அந்தோனி அண்ணை. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அண்டைக்கு வரிசையிலை எல்லாரையும் சிரிக்க வைச்சனீ. முப்பது வருசம் கடலிலை மோட்டர் ஓட்டினவன் நான். மிசின் இறுகினாப்பிறகு ரீத்தாவின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது. அவளின்ர சங்கிலியெல்லோ அது!"

"பிழை அண்ணை."

"பிழைதான். பெரிய பிழை."

நின்றார். நிற்கிறார், போகவில்லை. பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். "அங்காலை நான் இறுக்கிப் பிடிக்கிறன். நீ சுரண்டு."

ஒரு மணித்தியாலம் பூசுவதும் சுரண்டுவதுமாகப் போயிற்று. அவர் பிடித்தால் கொன்ரொட் மயிரளவும் ஆடவில்லை. வேலை பாதி நேரத்தில் முடிகிறது. கடைசியில் நான்தான் வாயைத் திறந்தேன். நடுக்கடலில் மோட்டர் நின்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சுருட்டுப் பத்துவன். கை நடுக்கம் நிண்டாப்பிறகுதான் ஸ்பனர்."

"அப்ப எனக்கும் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கோணும்."

"உன்ர அம்மா கொன்றுபோடுவா" என்றார். சிரித்தாரா? சிரித்தார் என்றுதான் எழுதுகிறேன்.

ஜூன் 15, திங்கள்

கிராங் பெருவிரலால் தள்ள உருள்கிறது. அலுமாரிப் போத்தலைத் திறந்து ஒயிலை அளவுக்கு ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கிற்று. எதற்காக இதை ஒளித்து வைத்தேன் என்று இப்போது விளங்கவில்லை.

தோட்டம். புளக் சுட்டு, பூட்டி, இழுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. இல்லை. ரீத்தா அக்கா வாய்க்குள் செபம். அந்தோனி அண்ணை, "தள்ளு, நான் இழுக்கிறன்." ஏழாவதில் பிடித்தது!

பக்கத்திலேயே குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் காது கொடுத்துக் கேட்டேன். கீச்சில்லை, தட்டலில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி முதல் பாத்தி, இரண்டாம் பாத்தி. நிறுத்தி ஆறவிட்டு, குச்சியை இழுத்து மணந்தேன். கடதாசியில் துடைத்து நெருப்புக் காட்டினேன். பற்றவில்லை. அழுகை வந்துவிட்டது. புகை கண்ணில் பட்டது என்றேன். புகையே இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

நாலு நாளும் அவர்கள் வாளியால் ஊற்றியும் நானூறு கன்று வரையில் பூ முழுக்கப் போய்விட்டது. அது என் கணக்கில். "போனது போகட்டும், திரும்பப் பூக்கும்" என்கிறார் ரீத்தா அக்கா.

எனக்கு:
கோட்டுக்கு மேலே நின்றால் மணந்து பார்.
மிசினை நிறுத்தும்போது மண்ணெண்ணெய் வருகிற குழாயைப் பூட்டு, உள்ளே இருப்பது எரிந்து தானாக நிற்கட்டும்.
பசியோடு அரம் எடுக்காதே.
வாயைப் பொத்து.

ஜூன் 18, வியாழன்

சோளகம் கொஞ்சம் தணிவு. மூன்று நாளாக வேலை ஒன்றுமில்லை. அம்மாவின் அரிக்கன் லாம்பைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

சங்கக்கடை வரிசை. நான் வால்பக்கத்தில், குடையை முகத்துக்கு இறக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்கு முன்னால் சின்னராசா. முன்வரிசையில் அந்தோனி அண்ணை. யாரோ வெளியூர் ஆள் அவரிடம் கேட்கிறான்:

"மிசினைப் பழுதாக்கின பொம்பிளையட்டையே திரும்பக் குடுத்தனீங்களாம்? உங்களுக்கென்ன விசரே?"

"தம்பி, முப்பது வருசத்திலை எத்தினை மெக்கானிக்மாரைக் கண்டிட்டன். அவை பழுதாக்கினது எல்லாத்தையும் நான் பழுதாக்கினதெண்டுதான் சொன்னவை. நானும் நம்பினனான். தன்ர பிழையெண்டு எழும்பி நிண்டு சொன்னது இவ ஒருத்திதான். வேறை ஆரட்டைக் கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுறீர்?"

வரிசை திரும்பிப் பார்த்தது. குடையை இன்னும் இறக்கினேன்.

சின்னராசா மெல்லமாக: "அக்கா, என்ர மிசினிலையும் ஒயில் கோட்டுக்கு மேலைதான் நிக்குது. பின்னேரம் கொண்டுவரட்டோ?"

"மிசின் இப்ப எங்கை?"

"தோட்டத்திலை. மனுசி இறைச்சுக்கொண்டு நிக்கிறா."

வரிசையையும் விட்டேன், மண்ணெண்ணெய்க் கானையும் விட்டேன். அவன் தன் சைக்கிளில் பின்னால் வர நான் என்னுடையதில் முன்னால் உழக்கினேன். வாய்க்கால் தாண்டும்போது ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய் மண்ணெண்ணெய்க் குழாயைப் பூட்டினேன். நின்றது. குச்சியை இழுத்து மணந்தேன். மண்ணெண்ணெய்தான். இறுகிவிட்டதோ என்று கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

சுற்றியது.