கார் ஓடத் தொடங்கிய பிறகு

1938 யூலை 4

இன்றும் கார் கிளம்பவில்லை. தம்பி பஞ்சலிங்கம் பஸ் வேலை முடிந்து வந்து, எஞ்சினைக் கிளப்பும் கைபிடியைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போனான். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் முட்ட வைத்து என்னைச் சுற்றச் சொன்னான். பொறி வரவில்லை.

"பொறி குடுக்கிற கொயில் செத்துப்போச்சு அக்கா. புதுசு போட்டால்தான் ஓடும்."

சாய்மனைக் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் புருசன் "ஓம்" என்றார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து இவர் வாயில் வருவது ஆம் என்கிற அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் ஓம், நொந்தாலும் ஓம். வேண்டாம் என்பதற்கும் ஓம். குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் பிரித்தறிகிறேன். இன்று சொன்னது மெய்யான ஓம்.

யூலை 5

கார் ஓடினால் பிழைத்துவிடுவோம். குருநகர் யாகப்பு வாடகைக்கு ஓட்டித் தருகிறேன் என்கிறான், வருமானத்தில் பாதி அவனுக்கு. இவர் கார் ஓடிக் காசு தேடியபோது மகள் பூரணம் பள்ளிக்கூடம் போனாள். இப்போது என்னோடு வீடு வீடாக நெல்லுக் குத்த வருகிறாள். உள்ளங்கை கொப்பளித்துப்போய்க் கிடக்கிறது.

யூலை 9

தம்பி பட்டணத்திலிருந்து புதுக் கொயிலும் சார்ஜ் பண்ணிய பற்றறியும் கொண்டுவந்தான். பூட்டப் போனவனை இவர் விடவில்லை. ஊன்றுகோலால் கையில் அடித்தார். "நான் என்ன அத்தான், உங்கடை காரைத் தின்னப்போறனே?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

முந்தி என்னையும் அந்தக் காரைத் தொட விட்டவரில்லை. ஓட்டுகிற ஆசனத்தில் சும்மா ஏறி இருந்து பார்த்ததற்கு ஒருநாள் கன்னத்தில் அறைந்தவர். அதே மனிதர் பின்னேரம் ஆணி கழற்றும் திருப்புளியை எடுத்து என் மடியில் போட்டார்.

"நானோ?"

"ஓம்."

யூலை 10

சாய்மனையைக் காரோடு ஒட்டி இழுத்து வைத்தேன். கொயில் ஒரு சின்னத் தகரப் பேணி மாதிரி. தலையில் இரண்டு மெல்லிய வயர், நடுவில் ஒரு தடித்த வயர். காரில் இருந்த பழைய பற்றறியை நான் முதலில் கழற்றும்வரை "ஓம், ஓம்" என்று கத்திக்கொண்டே இருந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிழையென்றால் இடக்கையால் கதிரையில் தட்டினார். எந்த வயர் எந்தப் பக்கம் என்று மறக்காமல் ஒன்றில் நூல் கட்டினேன். அதைக் கண்டு என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ.

கொயிலையும் பற்றறியையும் பூட்டி முடித்துச் சுற்றினேன். ஒன்றுமில்லை. திரும்பவும் சுற்றினேன். அழுகை வந்துவிட்டது. "என்னாலை ஏலாது! உங்களுக்கு வாயிருந்தால் சொல்லுவியள். எனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். இவர் தடித்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். அடிவரை இறங்காமல் நின்றது. பலமாக அமத்தினேன்.

மறுபடி கைபிடியைப் பிடிக்கப் போகையில் கூப்பிட்டார். என் பெருவிரலை எடுத்து, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துவிட்டார். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் முறிந்துவிடும், அதற்காக. கலியாணம் முடித்த காலம் முதல் இவர் என் கையை அப்படிப் பிடித்த ஞாபகம் எனக்கு இல்லை.

கிளம்பிவிட்டது. இவர் சிரித்தார், அழுதார், கடைவாயில் எச்சில் வடிந்தது. ஓம் ஓம் என்றார். நானும் ஓம் என்றேன்.

யூலை 11

யாகப்பு சுன்னாகம் வரை ஓட்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை தொடங்குகிறான்.

யூலை 14

இப்படியும் செய்வினமோ?

இவருடைய தமையன் சோமசேகரம், ஊர் வழக்குப் பார்க்கும் விதானையாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடப் பிறந்தவன் நோயில் விழுந்தும் எட்டியும் பாராத மனுசன். கார் ஓடுது என்று கேள்விப்பட்டவுடன் வந்திருக்கிறார்.

"கார் என்ரை பேரிலை இருக்கு பிள்ளை. ஓடாமல் நிண்டதெண்டுதான் விட்டு வைச்சனான்."

என் சீதனக் காணியை விற்று வாங்கிய கார். இங்கிலீசு தெரிந்தவர் என்று பதியப் போனவர் அவர். தன் பேரிலேயே பதிந்துவிட்டார். அண்ணைதானே என்று இவர் விட்டுவிட்டார்.

விதானையார், "ஆரின்ரை காரெண்டு அவரையே கேப்பம்" என்றார்.

"கேக்காதையுங்கோ, அவருக்கு வேறை சொல்லு வராது!" என்று குறுக்கே ஓடினேன். அதற்குள் சோமசேகரம் குனிந்து கேட்டுவிட்டார். "தம்பி, கார் என்ரைதானே?"

"ஓம்" என்றார் இவர். கழுத்து நரம்பு புடைத்தது. இடக்கையால் கதிரையை அடித்து அடித்து, "ஓம்! ஓம்!"

"கேட்டியள்தானே விதானையார்."

ஐயோ, அது 'இல்லை' எண்ட ஓம்! எனக்குத் தெரியும். அந்த மனுசனுக்குத் தெரியாதோ? கூடப் பிறந்தவனின்ரை முகம் தெரியாதோ?

காரைக் கொண்டுபோக, கிளப்பித் தா என்று சோமசேகரம் என்னையே சுற்றச் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்சத்தில் கார் போகிற சத்தம் கேட்டது.

யூலை 15

இவர் கஞ்சி குடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் வாயை இறுக்கிக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 2

தம்பி போய் விதானையாரோடு கதைத்தான். "உன்ரை அத்தான் தன்ரை வாயாலை சொன்னவர்" என்றாராம்.

நவம்பர் 21

விடிய இவருக்குத் திரும்பவும் பாரிசவாதம் வந்துவிட்டது. மூச்சு இழுத்தது. கார் கேட்டுச் சோமசேகரம் வீட்டுக்கு ஓடும்படி பூரணத்திடம் சொன்னேன். நனைந்துகொண்டு திரும்பி வந்தாள். கார் கலியாண ஓட்டமாகப் பருத்தித்துறைக்குப் போகவிருக்கிறதாம், தரமுடியாதாம்.

மாட்டு வண்டியில் மானிப்பாய் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நல்ல மழை. இடக்கையை என் கைக்குள் வைத்திருந்தேன். மருதனார்மடம் தாண்டியபோது அந்தக் கையும் குளிர்ந்துவிட்டது. வண்டிக்காரனிடம் சொல்லவில்லை. கொஞ்சத் தூரம் அப்படியே போனோம்.

1939 சனவரி 8

இவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் இன்றுதான் எழுதுகிறேன். நானும் பூரணமும் மருதனார்மடம் சந்தையில் தேங்காய் விற்றுவிட்டு வந்தோம். சந்தியில் அந்தக் கார் நின்றது. எஞ்சினை மூடும் பானெற்று திறந்தபடி. உள்ளே யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி பிரசவ நோவோடு இருந்தாள். சோமசேகரம் கைபிடியைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போய் நின்றார். என்னைக் கண்டுவிட்டார்.

"பிள்ளை, ஒருக்கால் வந்து பார்."

தேங்காய்க் கடகத்தைப் பூரணத்தின் தலையில் ஏற்றிவிட்டுப் போனேன். அவருக்காக இல்லை. கொயிலிலிருந்து கழன்று கிடந்த தடித்த வயரை அமத்திப் பூட்டினேன். கிளம்பியது. பிள்ளைத்தாய்ச்சி என்னைக் கும்பிட்டாள். சோமசேகரம் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"கெதியாய்ப் போங்கோ. ஆசுப்பத்திரி தூரம்" என்றேன்.

கார் மறையும்வரை பூரணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மண்ணில் காறித் துப்பினாள். நான் ஏசவில்லை.