கொடி ஏறட்டும்

02.06.1974, ஞாயிறு
நெடுந்தீவு

சங்கக்கடைக்குச் சீனி வந்துவிட்டது! ஊரே ஓடியது. இந்த நிறைமாத வயிறு விட்டிருந்தால் நானும் ஓடியிருப்பேன். மாமி போய் வரிசையில் நின்று எங்கள் பங்கை வாங்கி வந்து, அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு தேத்தண்ணிக்குக்கூடத் தரமாட்டாராம். எல்லாம் பிள்ளையாரின் மோதகத்துக்கு. நல்லது, நாங்கள் வெறுந்தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்குக் கோபம் வரவில்லை. இந்த மாதம் எனக்குக் கோபமே வராது. மாதக் கடைசியில் எங்கள் கோயில் கொடியேற்றம், இந்த முறை இவர்தான் பெரிய குருக்கள்! தையில், பெரிய குருக்களாய் இருந்த மாமா பாரிசவாதத்தில் விழுந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கஞ்சி ஊட்டுவது, துணி தோய்ப்பது, மருந்தெண்ணெய் காய்ச்சுவது, இதுதான் பொழுது. இவர் ஒரே பிள்ளை. எல்லாம் இவர் தலையில் வந்து விழுந்தது. இப்போதுதான் ஒரு நல்ல காரியம் வருகிறது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாய்க் கொடிமரத்தடியில் இவர் நிற்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கலியாணம் கட்டி ஏழு வருடம், இந்த மனிசனை அப்படி ஒரு கோலத்தில் நான் கண்டதில்லை.


05.06.1974, புதன்

பிலோமினம்மா வந்து வயிற்றைப் பார்த்தார். அரசாங்க மருத்துவிச்சி. நாரந்தனைக்காரி, வேதக்காரி, வாய்க்காரி. இந்தத் தீவில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. பிள்ளை இந்த மாதக் கடைசியில், தப்பினால் ஆடிப் பிறப்புக்கு முன் என்றார்.

"பதினைஞ்சாந் தேதி நீர் யாழ்ப்பாணம் போறீர், சுந்தரி. பெரியாஸ்பத்திரியிலைதான் பிள்ளைப்பேறு. போனமுறை பட்டது காணும்."

பட்டதுதான். அதை எழுதமாட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒரு வரி மட்டும்: அந்தப் பிள்ளை அழவில்லை, எனக்கு இரத்தம் நிற்கவில்லை, சோளகக் காற்றடித்த கடலில் வள்ளம் விட அன்றைக்கு ஒருவருக்கும் துணிவில்லை. பிலோமினம்மாவின் கைதான் என்னை இழுத்துப் பிடித்தது. இனி ஒரு பிள்ளை என்றால் இரத்தம் ஏற்றக்கூடிய இடத்தில்தான் என்று டொக்டர் பிறகு சொன்னார். யாழ்ப்பாணத்தில், வண்ணார்பண்ணையில், தூரத்துச் சொந்தம் இராசேஸ்வரி அக்கா அறை ஒழித்து வைத்திருக்கிறார்.

பிலோமினம்மாவுக்கு ஒரு சந்தேகம். "பிள்ளை பிறந்தால் உங்கடை ஆக்களுக்குத் துடக்கெல்லோ? பேந்து ஐயா எப்பிடித் திருவிழாச் செய்யிறது?"

விளங்கப்படுத்தினேன். கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம் குருக்களின் கையில் காப்புக் கட்டுவார்கள். கட்டின பிறகு எந்தத் துடக்கும் தொடாது. ஆனால் பத்தாம் நாள் தீர்த்தம் முடியும்வரை தீவை விட்டு அசையக் கூடாது, வீட்டில் இடியே விழுந்தாலும். காப்புக்கு முன்னம் பிள்ளை பிறந்தால் போச்சு, கோயில் வாசல்கூட மிதிக்க ஏலாது.

"அப்ப பிள்ளைக்கு ஒரு கலண்டர் குடுத்து உள்ளுக்கு விட்டிருக்க வேணும்," என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் மாமா விழித்துக்கொண்டார்.


11.06.1974, செவ்வாய்

வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிறார்கள். மூஞ்சூறுக்கு ஊதா நிறம்! மகள் நாகபூசணி அதன்மேல் ஏறி இருக்கப் போகிறேன் என்று அடம். ஐந்து வயது, ஐம்பது வயது வாய்.

இவர் விடியற்காலையில் மந்திரம் சொல்லிப் பார்ப்பதை மாமா படுக்கையிலிருந்து கேட்கிறார். பிழைத்தால் இடக்கையால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. இன்று ஒரு தட்டும் இல்லை. இவர் குசினிக்கு வந்து, "கேட்டனீரே? ஒரு தட்டும் இல்லை!" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குதித்தார். நான் அழுதுவிட்டேன், சந்தோசத்தில்தான்.


15.06.1974, சனி

காலை வள்ளம் போய்விட்டது. நான் அதில் இல்லை.

மாமி நில் என்று சொல்லவில்லை. "போறதெண்டால் போ," என்றார், அந்தக் குரலில். மாமாவை ஆர் பார்ப்பது, வாற ஐயர்மாருக்கு ஆர் சமைப்பது என்று முற்றத்துக்கும் குசினிக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் மாமியில் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பக் கூடாது. எனக்கே போக மனமில்லை. இவர் கொடி ஏற்றும்போது வண்ணார்பண்ணையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவா? ஏலாது, ஏலவே ஏலாது!

"கொடி ஏறட்டும். அடுத்தநாளே போறன்," என்று இவரிடம் சொன்னேன்.

"உமக்கு ஏலுமோ, சுந்தரி? உண்மையைச் சொல்லும்."

"கல்லுமாதிரி இருக்கிறன்," என்றேன்.

பிலோமினம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மத்தியானத்தில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பேன் என்று பின்னாலே போய்ச் சத்தியம் செய்து கொடுத்தேன்.


18.06.1974, செவ்வாய்

நேற்றும் படுக்கவில்லை, இன்றும் இல்லை. ஆர் படுப்பார் இந்த நேரத்தில்!


21.06.1974, வெள்ளி

வேலணையிலிருந்து கைலாசபதிக் குருக்கள் வந்து இறங்கினார், இவருக்கு உதவிக்கு. எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் தங்கமான மனிசர். அதே வள்ளத்தில் லைற் எஞ்சினும் வந்தது! கரையிலிருந்து பன்னிரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பின்னேரம் ஒருதரம் ஓட்டிப் பார்த்தபோது கோயில் வீதி முழுக்கப் பால் மாதிரி வெளிச்சம். நாகபூசணி தன் நிழலைத் துரத்தி ஓடினாள்.

கால் இரண்டும் பூசணிக்காய். விரலால் அமத்தினால் குழி விழுகிறது. பிலோமினம்மா கண்டுவிட்டார்.

"எல்லாரையும் பாக்கிறீர். மாமாவைப் பாக்கிறீர், வந்த ஐயரைப் பாக்கிறீர். இந்த உடம்பு ஆற்றை? பக்கத்து வீட்டுக்காரற்றையோ?"

"இன்னும் கொஞ்ச நாள்தானே, அக்கா."

"உமக்குத்தான் கொஞ்ச நாள். உள்ளுக்கிருக்கிறதுக்குத் தமிழ் தெரியாது."

சிரித்தேன். ஆனால் இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.


24.06.1974, திங்கள், காலை

விடியத்திலிருந்து முதுகு பிடித்து இழுக்கிறது. விட்டு விட்டு.

இது சூட்டு நோவாக இருக்கும், பிள்ளை நோவில்லை. சீரகத் தண்ணி குடித்தேன்.

இன்றைக்குப் பின்னேரம் காப்பு. பின்னேரம் வரை — பிள்ளையாரே, பின்னேரம் வரை பொறுத்தால் காணும். சொன்னால் இவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு வெளிக்கிடுவார். சொல்லாவிட்டால் காப்புக் கட்டுவார், பிறகு பிலோமினம்மாவோடு நான் போவேன். அதுதான் நல்லது. அதுதானே நல்லது?

காற்று வேறு இந்த மாதிரி அடிக்கிறது.

மாவிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் குளித்துவிட்டு வந்து, "பட்டு எங்கை?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வடிவாயிருந்தார்.

திரும்பவும் இழுக்குது. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.


28.06.1974, வெள்ளி
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி

இருக்கிறேன்! நானும் இருக்கிறேன், அவளும் இருக்கிறாள்! பெண் பிள்ளை, அவ்வளவு தலைமயிர். அழுதால் வார்டே எழும்புகிறது. அழடி, நல்லாய் அழு, எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கையில் ஊசி ஏற்றின இடம் நோகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அன்று மத்தியானம் தேங்காய் கேட்டு மாமி குசினிக்குள் வந்தார். நான் கூரை தாங்கும் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீலையில் இரத்தம்.

"எப்ப துடங்கினது?"

"விடிய."

"ஏன் சொல்லேல்லை?"

"பின்னேரம் காப்பு, மாமி."

கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஏழு வருடத்தில் மாமி என்னில் கை வைத்தது அதுதான் முதல்முறை. பிறகு அந்த மாக்கையோடே வெளியே போனார். அவர் நேரே போனது கோயில் வீதிக்கு, அத்தனை ஆம்பிளைகள் நின்ற இடத்துக்கு. மிச்சம் எல்லாம் பிலோமினம்மா பார்த்துச் சொன்னது.

"குகநாதா! பட்டைக் கழட்டு. வள்ளத்தைப் பார்."

கோயில் மனேச்சர் நடராசா கையைப் பிசைந்தாராம். "அம்மா, இன்னும் கொஞ்ச நேரந்தானே. ஐயா காப்பைக் கட்டட்டும், நாங்கள் நல்ல ஆக்களைப் பிடிச்சு மருமகளை அனுப்பிவைக்கிறம்."

"காப்பைக் கட்டினால் இவன் இஞ்சை, அவள் நடுக்கடலிலை. பிள்ளையாருக்குப் பூசை செய்ய வேலணை ஐயர் இருக்கிறார். அவளுக்கு ஆர் இருக்கினம்?"

இவர் கழற்றின பட்டை கைலாசபதிக் குருக்களின் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். அந்த மாமியா? என்னால் இன்னும் நம்ப ஏலாமல் இருக்கிறது. இத்தனை நாளும் நான் ஆரோடு ஒரு வீட்டில் இருந்தேன்?

பத்திநாதர்தான் வள்ளம் விட்டார். கடல் எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு பக்கம் பிலோமினம்மா செபமாலையை உருட்டுகிறார், மறுபக்கம் இவர் விநாயகர் பேரைச் சொல்லுகிறார், பத்திநாதர் அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே எஞ்சினைத் திட்டுகிறார். நோவுக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆர் கேட்டார்களோ தெரியாது, புங்குடுதீவுக் கரை வந்தது. அங்கிருந்து காரில் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு எனக்கு நினைவு குறைவு.

இராத்திரி பிறந்தாள். இரத்தம் போனமுறை போலவே நிற்கவில்லை. இவருடைய இரத்தம் எனக்குப் பொருந்தியது. எடுத்தார்கள், ஏற்றினார்கள். இப்போது என் உடம்பில் ஓடுவது பாதி குருக்களின் இரத்தம், இனி என்னோடு மரியாதையாகக் கதைக்க வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

பிறகு கணக்குப் பார்த்தேன். அவள் பிறந்தது அங்கே காப்புக் கட்டும் நேரம் கடந்த பிறகுதான். அப்படியென்றால் இவர் கட்டியிருக்கலாம், துடக்குத் தொட்டிருக்காது, ஊரெல்லாம் என்னை மெச்சியிருக்கும். இரத்தம் தர இங்கே ஆள் இருந்திருக்காது.

என்ன விசர் எனக்கு! நாகபூசணியைத் தாயில்லாப் பிள்ளையாக்கப் பார்த்தேன், ஒரு கொடி ஏறுவதைப் பார்க்கிற ஆசையில். நினைக்க நினைக்க என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. ஒன்று ஏற்கெனவே விழுந்துவிட்டது.


04.07.1974, வியாழன்

இன்று அங்கே தீர்த்தம். இவர் வார்டுக்கு வெளியே மரவாங்கில் குந்தி இருந்து கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருத்தமோ?" என்று கேட்டேன்.

"ஓம். பொய் சொல்ல ஏலாது. பூசை நேரம் வந்தால் கை மணியைத் தேடுது."

பிள்ளையைத் தூக்கி அந்தக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய வேட்டியை நனைத்துவிட்டாள். "இவள்தான் எனக்குத் தீர்த்தமாட்டினவள்," என்று சொல்லிச் சிரித்தார், பத்து நாளுக்குப் பிறகு.


06.08.1974, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமி பிள்ளையை வாங்கி, முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மூக்கு எங்கடை பக்கம்," என்றார். அறைந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. இராத்திரி பிள்ளை அழுதபோது என்னை எழும்ப விடாமல் அவரே தூக்கிக்கொண்டு உலாவினார்.


14.06.1975, சனி

கொடியேற்றம்!

நேற்றுப் பின்னேரம் இவருக்குக் காப்புக் கட்டியாயிற்று. மாமாவைக் கதிரையோடு தூக்கிப் போய் முன்னால் இருத்தினார்கள். இன்று விடிய எழும்பி, தலை முழுகி, கூறைச் சீலையை எடுத்து வெளியே வைத்தேன். அப்போதுதான் சின்னவள் கௌரிக்கு உடம்பு சுட்டது. பல் முளைக்கிற காய்ச்சல், பயமில்லை என்றார் பிலோமினம்மா. ஆனால் என்னை விட்டு இறங்கமாட்டாள். கடைசியில் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள்.

அசைந்தால் எழும்பிவிடுவாள். மேளம் தொடங்கிவிட்டது. சீலை கதிரையில் கிடக்கிறது. போகலாம்தான், மாமியிடம் கொடுத்துவிட்டு ஓடலாம்.

போகவில்லை.

"அரோகரா" என்று ஊர் முழுக்க எழும்பிய சத்தத்தில் கொடி ஏறியது தெரிந்தது. யன்னலால் தென்னைகள் மட்டும்தான் தெரிந்தன. உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுதேன், சிரித்தேன், பிள்ளையின் காதில் "அப்பா ஏத்திப்போட்டார், அப்பா ஏத்திப்போட்டார்!" என்று சொன்னேன்.

கதவு திறந்தது, மாமி. கையில் பிட்டும் வாழைப்பழமும், மேலே சீனி, அள்ளிப் போட்டிருந்தார். கொடியேற்றத்தன்று பூசை முடிந்து, பிரசாதம் கொடுத்து, ஆம்பிளைகள் எல்லோரும் சாப்பிட்டு எழும்பும்வரை இந்த வீட்டுப் பெண்கள் பச்சைத் தண்ணியும் பல்லில் படுத்துவதில்லை.

"மாமி, இன்னும் பூசை முடியேல்லை..."

"முடியிற நேரம் முடியும். பால் குடுக்கிறவள் நீ. சாப்பிடு."

பிள்ளை மடியில் கிடந்ததால் கை எடுக்க முடியவில்லை. மாமி பக்கத்தில் இருந்து குழைத்துத் தந்தார். முழுவதையும் சாப்பிட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டேன்.