தும்மலுக்குப் பதில்

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மீன் பெட்டி அடுக்கும் குளிர் அறையில்தான் இப்போது வேலை. காய்ச்சல் எதுவும் இல்லை, வெறும் தும்மல்தான், பயப்படாதீர்கள். ஆனால் தும்மிவிட்டு அல்ஹம்துலில்லாஹ் சொன்னால், பதில் சொல்ல இங்கே ஒரு ஆள் கிடையாது. எரிச்சலாக வருகிறது.

பொறுக்க முடியாமல், கூடப் பெட்டி தூக்கும் மொட்டைக்கு, "அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும்னு அர்த்தம்டா, யர்ஹமுகல்லாஹ்னு சொல்லு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். நேற்று தும்மினேன். அத்தனை பேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னாலில்லாஹி" என்கிறான்! எதிர்வீட்டு மாமா மௌத்தாகி அடக்கம் செய்த செய்தி வந்த அன்று நான் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"உசுரோட இருக்கறவனை அடக்கம் பண்ணிட்டியேடா!" என்று கத்தினேன்.

"ரெண்டுமே சாமி பேருதானே அண்ணே?" என்கிறான். இவனிடம் என்னத்தைப் பேச!

காதை மூடுகிற மாதிரி ஒரு கம்பளித் தொப்பி அனுப்புங்கள். மேஸ்திரி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். இதோ, மறுபடியும் தும்மல். அல்ஹம்துலில்லாஹ்.

கடிதம் கிடைத்ததும் மீதியை நீங்கள் சொல்லிவிடுங்கள், உம்மா.