கிபிர் என்ற சொல்

ஆனி 14, ஞாயிறு. வெள்ளவத்தை.

இன்று மண்டபத்தில் ஓர் அமெரிக்கப் போர் வானோடியைப் பற்றி, வழக்கம்போல் தனித்தமிழில், உரையாற்றினேன். போரில் பகை வானூர்திகளை வீழ்த்தியவர், போருக்குப் பின் இளையோருக்குப் பறக்கக் கற்பித்தார். உரை முடிந்ததும் தங்கை அருகில் வந்தாள். தன் மகள் வானோடிப் பயிற்சிக்குச் செல்ல ஓராண்டாக இசையாதவள்.

“அண்ணா, நீங்கள் சொன்ன போர் வானூர்தி எண்டது கிபிர் மாதிரியோ?”

வன்னியில் குண்டு வீசிய வானூர்திக்கு மக்கள் சொன்ன பெயர். அதைக் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஒடுங்கியவள் அவள். அயற்சொல் என்பதால் மேடையில் நான் அச்சொல்லை ஒருநாளும் உரைத்ததில்லை.

“ஓம்.”

“அதை ஓட்டின மனுசனோ பிறகு பிள்ளையளுக்குப் பழக்கினது?”

“அவர்தான். கிழவராகும் வரைக்கும்.”

காலி வீதி வரை நடந்தோம். ஓட்டோவில் ஏறும்போது சொன்னாள்:

“நாளைக்கு மகளின்ர பயிற்சி ஃபோர்மைக் கொண்டுவாறன், நிரப்பித் தாங்கோ. உங்கட தமிழிலை மட்டும் எழுதிப்போடாதேங்கோ, பிள்ளைக்கு இடம் கிடைக்காது.”