சரவெடிக்கு அசையாத குட்டி

21 அக்டோபர் 2025, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். எனக்கு அசிங்கமாக இருந்தாலும் எழுதுவேன். தப்பாக எழுதியதை அடித்தால் ஒரே ஒரு கோடுதான். கீழே என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்களாம்.

நேற்று தீபாவளி. எங்கள் ராஜபாளையம் நாய் மல்லி போட்ட ஐந்து குட்டிகளும் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தன. அப்பா சரவெடி வைத்தார். நான்கு குட்டிகள் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டன. ஒன்று மட்டும் சாக்கின்மேல் தூங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாட்டி! குண்டு போட்டாலும் அசையாது. இதுல்லா ராஜபாளையம் ரத்தம்!"

உடனே பேரும் வைத்துவிட்டார். வீரன்.

முதலில் ஓடியது கருங்காது. மற்ற நான்கும் பால் வெள்ளை, மூக்கு ரோஸ். இதற்கு மட்டும் இடது காதும் கண்ணோரமும் கறுப்பு. எங்கள் ஊரில் கலர் விழுந்த குட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வீரனைக் கொடுத்த பிறகு கருங்காதைத் தளவாய்புரம் பக்கம் விட்டுவிடப் போவதாக அப்பா சொல்கிறார். "கோழப்பய" என்று வேறு அதைத் திட்டினார்.

வெடி வெடித்தால் ஓடுவது கோழைத்தனமா? நானும்தான் ஓடினேன்.

22 அக்டோபர், புதன்

வெள்ளத்தாய் டீச்சர் பரிணாமப் பாடத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார். "புதைபடிவம்னா என்னன்னு ரெண்டு வரி படிச்சுக்கோங்க. அதத் தாண்டிக் கேக்க மாட்டாங்க."

முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகள். இருபது நிமிடம்!

நான் கையைத் தூக்கினேன். "வெங்கடேஸ்வரி, கையக் கீழ போடு. மழை வருது, எல்லாரும் பஸ் பிடிக்கணும்."

23 அக்டோபர், வியாழன்

அப்பா டிவி சத்தத்தை நாற்பதில் வைத்திருக்கிறார். குறைக்கச் சொன்னால் "என்னது?" என்கிறார்.

24 அக்டோபர், வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் காதைப் பற்றி ஒரு அத்தியாயம். நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளில் இரண்டு, ஒரு காலத்தில் ஊர்வனவற்றின் தாடையில் இருந்தவையாம்! மென்றுகொண்டிருந்த எலும்புகள் சிறுத்து, நகர்ந்து, காதுக்குள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கதை இல்லை. பாதி வழியில் இருந்த எலும்புகளும் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆன வேலை. இருட்டில் பூச்சி நகரும் சத்தம்கூடக் கேட்க வேண்டும் என்பதற்காக — இல்லை, 'என்பதற்காக' என்று எழுதக் கூடாது. கேட்டவை பிழைத்தன, அவ்வளவுதான்.

அடுத்த பக்கத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்கின்றனவாம். அவை இல்லாமல் வெள்ளையாகப் பிறக்கும் நாய்களில் சிலவற்றுக்குக் காது கேட்காது.

சரவெடி. சாக்கு. வீரன்.

25 அக்டோபர், சனி

என் வகுப்பு நஸீபா அவள் அத்தாவின் பாத்திரக்கடையிலிருந்து பெரிய தாம்பாளம் கொண்டுவந்தாள். குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று தட்டினோம். வீரன் திரும்பியது. <s>வீரனுக்குக் காது கேட்கிறது.</s>

பிறகுதான் பார்த்தேன், நஸீபா தட்டும்போதெல்லாம் காலையும் தரையில் உதைக்கிறாள்!

"ஏட்டி, ஏன் குதிக்க?"

"தட்டுனா தன்னால வருது. நான் என்ன செய்ய?"

அதிர்வு தரை வழியாகப் போயிருக்கிறது. அவளைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து மறுபடி செய்தோம். பத்துப் பத்து முறை. கருங்காது பத்துக்குப் பத்து. மற்ற மூன்று வெள்ளைக் குட்டிகளுக்கும் கேட்கிறது. வீரன், பூஜ்யம்.

"ஒங்க அப்பாட்ட யாரு சொல்ல?" என்றாள் நஸீபா. தாம்பாளத்தை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

26 அக்டோபர், ஞாயிறு

சொன்னேன். மூன்று முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் சத்தத்தைக் கூட்டி.

"கூப்பிட்டவொடன ஓடியார அது என்ன தெருநாயா? கெத்து! புஸ்தகத்தப் படிச்சிட்டு எங்கிட்ட நாயப் பத்திச் சொல்லுதாக்கும்."

அப்பா பதினேழு வருஷம் பட்டாளத்தில் பீரங்கிப் பக்கம் இருந்தவர். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "நாய்க்குக் கேக்கலைங்கத அவுககிட்டப் போயிச் சொல்லுதியே. அவுகளுக்கு மொதல்ல கேக்கணும்லா."

அதுவும் அப்பாவுக்குக் கேட்கவில்லை. சிரிக்க முடியவில்லை எனக்கு. இந்த வீட்டில் யாரிடம்தான் எதைச் சொல்வது?

2 நவம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

வத்திராயிருப்பில் மாந்தோப்பு வைத்திருக்கும் சீனிச்சாமி வந்தார். தோப்பு மலையடிவாரத்தில். பன்றி இறங்குகிறதாம், காவலுக்கு நாய் வேண்டுமாம். அப்பா மிச்சம் வைத்திருந்த ஒரு வெடியைக் கொளுத்தினார். சீனிச்சாமிதான் துள்ளினார். வீரன் தூங்கியது.

"ஆத்தாடி! குட்டின்னா இதுல்லா குட்டி!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படிக்கிற புள்ள, நீ சொல்லு பாப்பா. குட்டி எப்படி?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"நல்ல குட்டி" என்றேன்.

எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன்.

அடுக்களைக்குள் போய் நின்றேன். தோப்பு இருட்டில் பன்றி பின்னால் வந்தால் அதற்கு எப்படித் தெரியும்? பல்லி கத்தினாலே திரும்புகிறதே, அந்தக் கருங்காதைப் போய்த் தளவாய்புரத்தில் விடுவதா? தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து ஓங்கித் தட்டினேன். கருங்காது பாய்ந்து வந்து காலைச் சுற்றியது. வீரன் அசையவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன் மாமா. அதுக்குக் காது கேக்காது. பயமில்லாம இல்ல. கேக்கவே இல்ல!"

சீனிச்சாமி கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "போட்டும் பாப்பா. வெள்ளையா இருக்குல்லா, அது போதும். தோப்பு வாசல்ல கட்டிப்போட்டா வாரவன் மிரளுவான்."

"அப்ப இதக் கொண்டுபோங்க. இதுக்கு நல்லாக் கேக்கும்."

"கலர்க்குட்டியக் கொண்டுபோனா ஊர்ல சிரிப்பாம்லா."

பாருங்கள்! தாடையில் கிடந்த எலும்பு காதுக்கு வந்து சேர்ந்த கதையெல்லாம் எதற்கு? நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று, கேட்கிறதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்காததைத் தேடித் தேடி வளர்த்திருக்கிறோம்.

"என்ன சொன்னீரு?" என்றார் அப்பா. அவருக்கு எதுவுமே விழவில்லை.

சீனிச்சாமி அப்பா காதருகே குனிந்து தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "செவிடா இருந்தா என்னங்கேன்! செவிட்டுப் பயலுக்கு வேளைக்குச் சோத்த வச்சாக் கெடந்துட்டுப் போறான்னேன்!"

இது அப்பாவுக்குக் கேட்டது.

வீரனின் சங்கிலியைக் கையில் சுருட்டிக்கொண்டார். "இது குடுக்கதுக்கு இல்ல."

"என்னண்ணே, பேசி முடிச்சாச்சே."

"முடிக்கல."

3 நவம்பர், திங்கள்

அப்பா என்னிடம் பேசவில்லை. பின்னே, நான் மட்டும் பேசுவேனா?

8 நவம்பர், சனி

அப்பாவும் நானும் வீரனை வயர்கூடையில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் கொண்டுபோனோம். கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, பிறவிச் செவிடு, வைத்தியம் இல்லை, இதை வைத்துக் குட்டி எடுக்க வேண்டாம் என்றார். அப்பா தலையாட்டினார். இதைத்தானே நான் இரண்டு வாரமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன்!

"கூப்பிடணும்னா எப்படிக் கூப்பிட?" என்று கேட்டார் அப்பா.

"தரையத் தட்டுங்க. இல்ல, லைட்ட அணைச்சுப் போடுங்க. பழகிக்கிடும்."

படி இறங்கும்போது அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "மனுசங்களுக்குக் காது பாக்க டாக்டர் இங்க எங்க இருக்காரு?"

"யாருக்குப்பா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுட்டி."

அந்த டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாராம். காத்திருந்தோம். மூன்று மணி நேரம், மடியில் நாயோடு.

16 நவம்பர், ஞாயிறு

காதில் வைக்கும் மிஷின் வந்து இரண்டு நாளாகிறது. அது ஃபிரிட்ஜின்மேல் டப்பாவிலேயே இருக்கிறது. "கொசு பாடுத மாதிரி இருக்கு" என்கிறார். என்ன செய்வது இவரை?

ஆனால் இன்று காலை, மற்ற வெள்ளைக் குட்டிகளைக் கேட்டுச் செட்டியார்பட்டியிலிருந்து ஆள் வந்தபோது, அப்பாவே தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றின் பின்னாலும் நின்று தட்டிவிட்டு என்னிடம் கேட்டார்: "சத்தம் வந்துச்சாட்டி?"

தளவாய்புரம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கருங்காதுக்கும் வீரனுக்கும் ஒரே சாக்கு. கேட் பக்கம் சத்தம் வந்தால் கருங்காது எழுகிறது. அது எழுவதைப் பார்த்து வீரன் எழுகிறது.

சாப்பாட்டு நேரம். முன்பெல்லாம் அம்மா அடுக்களையிலிருந்து நாலு தடவை கத்துவாள். இப்போது கத்துவதில்லை. நான் எழுதி முடித்தேனா என்றும் பார்ப்பதில்லை. வந்து சுவிட்சைத் தட்டுகிறாள். வீரன் தலையைத் தூக்குகிறது, அப்பாவும் டிவியிலிருந்து திரும்புகிறார்.

இதோ, லைட்டை அணைத்துவிட்டாள்.